படகு வேண்டாம், கரை போதும்

பனி உருகி வசந்தம் பிறந்தது என்று அயல்நாட்டுக் கதைகளில் படித்திருப்பீர்கள். நமது பேரா மாநிலத்துக்கு வசந்தம் ஏது என்று கேட்பவர்கள், பிப்ரவரி மாதத்தில் பால்மரக் காட்டுக்குள் நடந்து பார்த்திராதவர்கள். ஈப்போ கல்லுமலைக் கோயிலில் தைப்பூசக் காவடிகள் இறங்கும் நாள்களையொட்டி, மரங்கள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறி இலைகளைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். கால் வைக்கும் இடமெல்லாம் சருகு சலசலக்கும். இரண்டு மூன்று வாரங்களில் செம்புப் பாத்திரம் தேய்த்து வைத்தாற்போலத் தளிர் விடும். பிறகு பூ; அந்த மணம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கடைசிவரை மறக்காது. நமது வசந்தம் அதுதான்.

ஆனால் அந்த வசந்தத்தில் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். நான் சிறுமியாக இருந்த 1980களில், இலை கொட்டும் மாதத்தில் என் அப்பா பால்வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூண்டிலை எடுப்பார். அது பொழுதுபோக்கு அன்று. கடையில் பற்று எழுதாமல் குழம்புக்கு வழி தேடுவது. அன்றைய தினம் அருவான் கிடைத்தால், பிள்ளை பெற்ற வீடு லயத்தில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முதல் மீன் போகும். அருவான் என்று நாம் மலாய்ப் பெயரில் சொல்லும் விரால், பச்சை உடம்புக்காரிக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் புண் ஆறக் கொடுக்கப்படும் மீன் என்பது மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் பொதுவான நம்பிக்கை.

அந்தத் தோட்டம் பிறகு செம்பனைக்கு மாறியது. மக்களில் பாதிப்பேர் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பெயர்ந்தார்கள். தோட்டத்து ஓடை இப்போது வாய்க்காலாக இருக்கிறது. அப்படிப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கட்டுரை. தண்ணீர் ஓரம் ஓர் இரவு தங்கி மீன் பிடித்துவிட்டு வர உங்களுக்கு ஆசை இருக்கும். “படகு இல்லையே, என்ன செய்வது?” என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். என் அப்பாவிடமும் படகு இருந்ததில்லை.

மோட்டார்ஹோம் எனப்படும் உருளும் வீடுகள், படுக்கையும் அடுப்பும் வைத்துக்கொண்டு நம் சாலைகளிலும் இப்போது தென்படுகின்றன. அவற்றின் வாடகையைக் கேட்டால் நமக்குத் தூக்கம் வராது. ஒரு சாதாரண வேன் போதும். பின் இருக்கையை மடக்கி, பாய் விரித்து, பக்கவாட்டில் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் ஐந்து பேருக்கு வீடு ஆயிற்று. பெண்களும் குழந்தைகளும் உள்ளே. ஆண்கள் தார்ப்பாயின் கீழே. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்சாதனத்துக்காக இயந்திரத்தை ஓட விட்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு தூங்காதீர்கள். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, பழைய கொசுவலையை வெட்டிக் கதவில் மாட்டுங்கள். கரி அடுப்பையும் வண்டிக்குள் வைக்கலாகாது.

சரி, புறப்படுவோமா? ஈப்போவிலிருந்து வடக்கே கோல கங்சார். அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கும் பால்மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் போகாதீர்கள். 1877ஆம் ஆண்டில் இந்த நாட்டுக்கு வந்த முதல் ரப்பர்க் கன்றுகளில் ஒன்று வளர்ந்து நிற்கும் மரம் அது. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததற்கு இந்த மரத்தின் இனமே காரணம் என்று நான் சொன்னபோது, என் இளையவன் மரத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வயதாகியும் ஏன்ம்மா இதற்கு ஓய்வு கொடுக்கவில்லை?” என்றான்.

கோல கங்சாரிலிருந்து கிரிக் போகும் பழைய சாலையைப் பிடித்து, சாவூக் பட்டணத்தைத் தாண்டினால் பேரா ஆறு பருத்துப்போய் ஏரியாகக் கிடப்பதைக் காண்பீர்கள். அதுதான் செண்டெரோ. அணை கட்டி முடிந்தது 1930இல். பேரா ஆற்று நீர்மின்சாரக் கம்பெனி என்ற வெள்ளைக்காரக் கம்பெனி அதைக் கட்டியது. எதற்காக? கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கும் ஈயக் கப்பல்களுக்கும் மின்சாரம் கொடுக்க. இங்கே தண்ணீரைத் தேக்கி, அங்கே பூமியைத் தோண்டினார்கள். தேக்கிய இடம் ஏரியாயிற்று. தோண்டிய இடம் குட்டையாயிற்று. இன்று ஈயம் போய்விட்டது, கம்பெனியும் போய்விட்டது. இரண்டு இடத்திலும் மீன் இருக்கிறது.

இந்த ஏரியின் மேல்பக்கம், லெங்கோங் போகும் வழியில் சாலையை ஒட்டியே இருக்கிறது ராபான் ஏரி. ஈப்போவிலிருந்து லெங்கோங் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் என்பதால், காலையில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் மதியச் சோற்றைக் கரையில் சாப்பிடலாம். படகில்லாதவருக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான். கரை அகலம், நிழல் உண்டு, கம்பம் பக்கத்தில் உண்டு. வண்டியை நிறுத்துமுன் அருகிலுள்ள கம்பத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். “பாக் சிக், இங்கே தங்கலாமா?” என்று கேட்டால், பெரும்பாலும் நல்ல இடத்தையும் காட்டி, நேற்று எந்த மீன் கடித்தது என்பதையும் சொல்லுவார். கேட்காமல் போய் நிற்பவனுக்கு அந்த இரண்டாவது செய்தி கிடைக்காது.

இன்னும் வடக்கே போனால் கிரிக். அங்கிருந்து கிழக்கே, 1982இல் திறந்த கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் போனால் பண்டிங் தீவும் தெமெங்கோர் ஏரியும். தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி அது. பார்க்க வேண்டிய இடம், மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் அழகெல்லாம் படகுக்காரனுக்கே. 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் வந்த ராயல் பெலுமுக்குள் செல்ல அனுமதிச் சீட்டும் வேண்டும், படகும் வேண்டும். போதாக்குறைக்கு அந்த நெடுஞ்சாலையில் இரவில் யானை குறுக்கே நிற்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் ராபானிலேயே இறங்கிக்கொள்வது உத்தமம் என்பது என் கருத்து.

இனி கரையில் நின்று பிடிக்கும் வித்தைக்கு வருவோம். இதில் என் அப்பாவிடம் கற்றதைத்தான் சொல்லுகிறேன். அவர் எழுத்து அதிகம் படிக்காதவர். தண்ணீரைப் படிக்கத் தெரிந்தவர்.

படகில்லாதவன் செய்கிற முதல் காரியம், தூண்டிலை எவ்வளவு தூரம் வீச முடியுமோ அவ்வளவு தூரம் வீசுவது. நடு ஏரியில்தான் பெரிய மீன் இருக்கும் என்ற எண்ணம். படகுக்காரனைப் பாருங்கள், அவன் நடு ஏரியிலிருந்து கரையைப் பார்த்து வீசுகிறான்! மீனுக்குத் தீனி கரையோரத்தில்தான் இருக்கிறது. புல்லும், விழுந்த மரமும், சாய்ந்த கிளையிலிருந்து உதிரும் பழமும், வெட்டுக்கிளியும் அங்கேதான். ஆகையால் கரையை ஒட்டியே, கரைக்கு இணையாக வீசுங்கள். தண்ணீருக்குப் போகும்போது தடதடவென்று நடக்காதீர்கள். அப்பா கடைசிப் பத்து அடியைப் பூனைபோல் வைப்பார். எங்களையும் பின்னால் உட்கார வைத்துவிடுவார், பேச்சு கூடாது.

சின்ன ஓடை ஏரியில் வந்து விழும் வாய் ஒன்று எங்கேயாவது இருக்கும். அதைத் தேடுங்கள். முந்தின இரவு மலையில் மழை பெய்திருந்தால், கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டில் தூண்டிலைப் போட்டவனுக்குப் படகு தேவையில்லை. நேரமும் முக்கியம். பொழுது விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும் வரை, மறுபடி நாலரை ஐந்துக்கு மேல் இருட்டும் வரை. நடுப்பகலில் மீன் ஆழத்துக்குப் போய்விடும். நீங்களும் தார்ப்பாய்க்குப் போய்விடுங்கள்.

இரைக்கு மண்புழு எப்போதும் உண்டு. கெளுத்திக்கும் பாவுங்குக்கும் இரவில் அதுவே போதும். லம்பாம் மீன் கொஞ்சம் சைவம். இலையும் பழமும் தின்னும். அதற்குப் பழுத்த செம்பனைப் பழத்தின் சதையைத் தூண்டில் முள்ளில் குத்துங்கள், அல்லது ரொட்டியைப் பிசைந்து உருட்டுங்கள். பால்மரத்தை விரட்டிய செம்பனை, இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவி செய்கிறது. சின்ன மீனுக்கு மெல்லிய தங்கூசியும் சிறிய முள்ளும் தக்கையும் போதும். கடையில் காட்டும் நானூறு ஐந்நூறு ரிங்கிட் கழியெல்லாம் கடைக்காரருக்கு வீடு கட்ட உதவும்.

தோமான் பற்றி ஒரு வேண்டுகோள். விரால் இனத்தில் பெரியது அது. குஞ்சு பொரித்த காலத்தில், செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு நீர்மட்டத்தில் குமிழிவிடும். கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தப் பந்தின்மேல் போலி மீனை வீசினால் பெற்ற மீன் கோபத்தில் பாய்ந்து கடிக்கும்; பசியினால் அன்று. அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரு நாழிகையில் தின்று தீர்க்கும். பந்தைக் கண்டால் வேறு பக்கம் வீசுங்கள். பேட்டரியால் மின்சாரம் பாய்ச்சுவதும், தூபா வேரை நசுக்கிக் கலக்குவதும் சட்டப்படி குற்றம். முன்னாளில் தோட்டத்து ஓடைகளில் தூபா வேர் போட்டவர்கள் உண்டு. ஒருநாள் விருந்து, பிறகு பல மாதம் வெறும் தண்ணீர்.

இப்போது தண்ணீரின் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். பேரா ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு மின்சார அணைகள் இருக்கின்றன. மின்சாரத் தேவைக்கு ஏற்ப நீரைத் திறப்பார்கள், மூடுவார்கள். ஆகவே அணைக்குக் கீழே ஆற்று நடுவில் தெரியும் மணல் திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே படுக்கை விரிக்காதீர்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லாமலே தண்ணீர் ஏறும். எச்சரிக்கைப் பலகையைப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அருவிக்கரைகளில் ‘கெப்பாலா ஆயேர்’ என்ற திடீர் வெள்ளமும் இதே குணம்தான். மேலே மலையில் கொட்டிய மழை கீழே வெயிலில் குளிப்பவனை அடித்துப்போகும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, துணியைக்கூட எடுக்காமல் மேடேற வேண்டும்.

இடி முழங்கினால் தூண்டிலைக் கீழே போடுங்கள். இக்காலக் கழிகள் பல கரிநாரினால் ஆனவை. மின்னலுக்கு அவை கம்பிதான். மரத்தடியும் ஆகாது, வண்டிக்குள் உட்காருங்கள். பிப்ரவரியில் இது குறைவு. மரம் தளிர்த்து முடியும் ஏப்ரலில் மாலை மழை வலுத்துவிடும்.

ஈப்போவிலேயே இருப்பவர்கள், இவ்வளவு தூரம் எதற்கு, பத்து காஜாப் பக்கம் குட்டைகள் இல்லையா என்பீர்கள். இருக்கின்றன. பத்து காஜா, மாலிம் நாவார், தஞ்சோங் துவாலாங், கம்பார் எங்கும் பழைய ஈயக் குட்டைகள். தஞ்சோங் துவாலாங் சாலையில் 5ஆம் எண் ஈயக் கப்பல் இன்றும் நிற்கிறது. 1938இல் கட்டிய 4,500 டன் எடையுள்ள அந்தக் கப்பல் 1982 வரை வேலை செய்தது. கடலைக் காணாத கப்பல். தான் தோண்டிய குட்டையில் தானே மிதந்து, முன்னால் தோண்டி, பின்னால் மணலைத் துப்பிக்கொண்டே போகும். 1985இல் ஈய விலை சரிந்தபோது, மீதமிருந்த சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடின. குட்டைகளில் திலாப்பியாவும் தோமானும் பெருகின. எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட தென்னமெரிக்க ‘பீக்காக் பாஸ்’ மீனும் பெருகி, நம் சின்ன மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அதை எவ்வளவு பிடித்தாலும் பாவமில்லை.

ஆனால் குட்டைக் கரை, ஆற்றங்கரை மாதிரி அன்று. ஆற்றங்கரை சரிவாக இறங்கும். குட்டையோ தோண்டிய பள்ளம். இரண்டடி தண்ணீர் என்று நினைத்து வைத்த கால், அடுத்த அடியில் பனைமர ஆழத்துக்குப் போகும். மண் கழுவிய சேறு படிந்த இடத்தில், மேலே புல் முளைத்துத் தரை போலத் தெரியும். ஏறி நின்றால் இடுப்புவரை வாங்கும். நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில், நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் சூரன். ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு தூண்டில் எடுத்துக்கொண்டு போனான். தக்கை புல்லில் சிக்கியது; அதை எடுக்க இறங்கினான். நீந்தத் தெரிந்த பையன்தான். திங்கள்கிழமை வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை எப்படிக் கடப்பது என்று தெரியாமல் நான் நின்றேன். வகுப்பும் நின்றது.

ஆகையால், சிக்கிய தூண்டிலை அறுத்துவிடுங்கள். ஐம்பது காசு முள். பிள்ளைகளுக்கு இதை வாயால் சொன்னால் போதாது. அவர்கள் கண்ணெதிரே நீங்களே ஒரு முறை தங்கூசியை அறுத்துக் காட்டுங்கள். கரையில் ஒரு நீண்ட கயிறும், வாய் இறுக மூடிய ஐந்து லிட்டர் வெறும் எண்ணெய்ப் புட்டி ஒன்றும் கட்டி வையுங்கள். யாராவது விழுந்தால், பின்னால் குதிக்காமல் அதை வீச வேண்டும். காப்பாற்றக் குதித்து இரண்டாவது ஆளும் போன வீடுகள் நம் மாநிலத்தில் உண்டு.

குட்டை மீனைச் சாப்பிடலாமா என்பது அடுத்த கேள்வி. ஈயம் தோண்டிய மண்ணில் ஆர்செனிக், காரீயம் போன்ற நச்சு உலோகங்கள் தங்கும். சில பழைய குட்டைகளில் அவை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எந்தக் குட்டை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. என் வீட்டில் குட்டையில் பிடித்தது குட்டைக்கே திரும்பும். ஆற்று மீன்தான் சட்டிக்கு வரும். பல குட்டைகள் இப்போது மீன், இறால் வளர்ப்போரின் குத்தகையில் இருப்பதையும் நினைவில் வையுங்கள். கேட்காமல் நுழைந்தால் நாய் வரும், பிறகு முதலாளி வருவார்.

எலியின் சிறுநீரால் பரவும் நோய் ஒன்று உண்டு. மலாயில் ‘கென்சிங் தீக்குஸ்’ என்பார்கள். தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருக்கும். காலில் புண்ணோடு தண்ணீரில் இறங்காதீர்கள். திரும்பி வந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், கிளினிக்கில் “ஏரியில் இறங்கினேன்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

இரவு வந்துவிட்டது. ராபானில் போன பிப்ரவரியில் நாங்கள் தங்கிய இரவு எட்டு லம்பாமும் இரண்டு பாவுங்கும் கிடைத்தன. லம்பாமுக்கு முள் அதிகம். செதிலை உரித்துவிட்டு, இரு பக்கமும் மிக நெருக்கமாகக் கத்தியால் கீறி, மஞ்சளும் உப்பும் தடவி மொறுமொறுப்பாகப் பொரித்தால் சின்ன முள் எல்லாம் பொரிந்துவிடும். பாவுங்கைப் புளியும் மிளகாயும் கூட்டிக் குழம்பு வைத்தோம். என் வீட்டுக்காரர், வீட்டில் மீனைக் கண்டால் முகம் சுளிக்கிறவர், மூன்று முறை சோறு கேட்டார். அப்பாவுக்கு இப்போது கண் மங்கல், தக்கை தெரியாது. தங்கூசியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு பாவுங்கும் அந்த விரலில் பிடித்தவை. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கைத்தொலைபேசிக்கு அங்கே சரியாக அலை கிடைக்கவில்லை. அவன் அதைத் தேடவும் இல்லை.

விடிந்ததும் குப்பையை எல்லாம் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுங்கள். அறுந்த தங்கூசியை முக்கியமாகப் பொறுக்குங்கள். பறவைக் காலில் சுற்றினால் அது பறக்காது. பிறகு லெங்கோங் பட்டணம் வரை ஒரு நடை போய் வரலாம். அந்தப் பள்ளத்தாக்கை 2012இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களும் ஆற்றங்கரையை விட்டு அகலவில்லை. அவர்களிடமும் இயந்திரப் படகு இருந்திருக்காது.

லெங்கோங்கின் பெயர்போன பண்டம் பெக்காசாம். ஆற்று மீனை உப்பிட்டு, வறுத்த அரிசியும் புளிப்புக்கு ‘அசாம் கெலுகோர்’ துண்டும் சேர்த்து, வாரக்கணக்கில் புளிக்க வைப்பது. நம் கருவாட்டுக்குத் தம்பி முறை. வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பொரித்தால் பழைய சோற்றுக்கு இணையில்லை. வாங்கும்போது இரண்டு பைகளில் சுற்றித் தரச் சொல்லுங்கள். நாங்கள் ஒரு பையோடு வாங்கினோம்; கோல கங்சார் வரும்வரை எல்லாக் கண்ணாடிகளும் இறக்கியே இருந்தன.